வேண்டாம் கட்சியின் ஏழாவது ஆள்

ஏழு பேருக்கு மேல் ஒருபோதும் இருந்திராத ஒரு கட்சியின் வரலாற்றைச் சொல்ல இன்று கொழும்பில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். அந்தக் கட்சியில் எனக்கு வாக்குரிமை இருக்கவில்லை. அதற்குரிய வயதும் இருக்கவில்லை. ஆனாலும் அதன் தலைவர்களை வாரந்தோறும் தேர்ந்தெடுத்தவள் நானே. சொற்போர் மேடைகளில் எதிரணியினர் வாய் திறக்குமுன்பே அவர்களுடைய வாதத்தின் ஓட்டை எங்கே இருக்கும் என்று நான் தேடத் தொடங்கிவிடுவதாக நடுவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், எங்கள் வீட்டு விறாந்தையில் வந்தது.

கட்சியின் முழுப்பெயர் வரையறுத்த அரசாங்கக் கட்சி. ஒழுங்கையில் அதை அப்படி அழைத்தவர்கள் எவருமில்லை. எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லும் கட்சியாகையால், வேண்டாம் கட்சி என்றே அது அறியப்பட்டது. அதை நடத்தியவர் என் மாமா, அம்மாவின் தமையன். கலியாணம் செய்யாதவர். எங்கள் முன்னறையில் குடியிருந்தார். காலி வீதியிலுள்ள தனியார் ரியூட்டரி ஒன்றில் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்பித்தார். அரசாங்கப் பாடசாலை ஒன்றில் அவருக்கு ஒருமுறை உத்தியோகம் கிடைத்ததாம். ஆள்பவனிடம் கூலி வாங்கிக்கொண்டு ஆள்பவனைக் குறைக்கச் சொல்வது அழகல்ல என்று மறுத்துவிட்டாராம். அம்மா இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் பெருமையும் ஆற்றாமையும் சம அளவில் இருக்கும்.

சுதந்திரம் கிடைத்த கையோடு தோன்றிய கட்சி அது. வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று நாடெங்கும் கொடி கட்டிக் கொண்டாடியபோது, எசமான் மாறியதால் எசமானத்தனம் குறைந்துவிடாது என்று எண்ணிய ஏழு பேர் கூடி அதைத் தொடங்கினார்கள். அரசாங்கத்துக்கு நான்கு வேலைகள் போதும் என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை: நீதிமன்றம், பொலிஸ், கடற்காவல், வீதியும் கழிவுநீர் ஓடும் கானும். நான்காவது வேலையில் கானைச் சேர்த்தது வெள்ளவத்தைக்காரரின் பிடிவாதம். மழைக்காலத்தில் எங்கள் கால்வாய் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடிவாதத்தின் நியாயம் விளங்கும். தபாற்கந்தோர் ஐந்தாவது வேலையா இல்லையா என்ற கேள்வியில் கட்சி ஒருமுறை பிளந்தது. பிளந்துபோன அணி ஒருவர்தான். அவர் கிராண்ட்பாஸில் போட்டிக் கட்சி ஒன்றை நிறுவி, சில மாதங்களுக்குப் பின் தனக்குத் தானே பேசி அலுத்துத் திரும்பி வந்தார்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் மாமாவின் வாதத்தை இன்றும் எந்த மேடையிலும் நிறுத்தி வைத்துப் பேச என்னால் முடியும். பெரும்பான்மை ஒன்று இருக்கும் நாட்டில், அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குச் சிறுபான்மையின் கழுத்து எட்டும் என்பார் அவர். மற்றத் தமிழ்க் கட்சிகள் அந்தக் கையில் தங்களுக்கும் ஒரு விரல் கேட்டன. மாமா கையையே கட்டையாக்கச் சொன்னார். அக்காலத்தில் அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் பெர்மிட் வேண்டியிருந்தது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்றது. சீனி கண்ணில் படாததால் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். அப்படியான நாட்களில் அவருடைய பேச்சு ஒழுங்கைக்காரருக்கே கொஞ்சம் விளங்கத் தொடங்கியிருந்தது.

அதிகாரத்தின் மீது சந்தேகம் கொண்டவர்கள் தங்களுக்குள்ளும் எவருக்கும் அதிகாரம் கொடுப்பார்களா? கட்சிக்கு நிரந்தரத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, அங்கத்தவர் பட்டியல் இல்லை. தேர்தல் திணைக்களத்தில் பதிவும் இல்லை, ஏனெனில் கட்சியாக இருக்க அரசாங்கத்திடம் அனுமதி கேட்பதே கொள்கைக்கு விரோதம். ஞாயிறு மாலை கூட்டம் தொடங்குமுன் ஒரு பால்மாப் பேணியில் ஏழு பெயர்களையும் துண்டுக் கடதாசியில் மடித்துப் போடுவார்கள். எனக்கு வாக்கில்லை, ஆகவே அக்கறையுமில்லை என்ற காரணத்தால் சீட்டெடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் எடுத்த பெயருக்குரியவர் அன்றைக்குத் தலைவர். கை வைத்த கதிரையில் அவர் அமர்வார். மற்றவர்கள் அவரைப் பார்த்தே பேசவேண்டும். அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் சாதாரண மனிதர்.

இன்னும் மூன்று விதிகள் இருந்தன. கட்சியின் பெயரால் எதையும் தீர்மானிப்பதற்கு ஏழு பேரும் இருக்கவேண்டும், வராதவனை ஆளும் உரிமை வந்தவனுக்கு இல்லை. எவரையும் கட்சியிலிருந்து நீக்க முடியாது. எவரிடமும் அவருடைய தொழிலையோ சொந்த விடயங்களையோ கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மாமா ஒரு பலகையில் தன் கையாலேயே எழுதி வாசற்படலையில் தொங்கவிட்டிருந்தார்: ஞாயிறு நான்கு மணிக்குக் கூட்டம், எவரும் வரலாம், எதற்கு வந்தீர்கள் என்று கேட்கமாட்டோம்.

ஏழு பேரில் ஒருவர் மகனோடு வாழ இங்கிலாந்துக்குப் போனபின், கட்சியால் ஒரு தீர்மானமும் எடுக்க முடியவில்லை. ஆறு பேரும் ஞாயிறுதோறும் வந்தார்கள், கதைத்தார்கள், எழுந்து போனார்கள். இது ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்தது. பிறகு ஒருநாள் படலையில் ஒரு மனிதர் வந்து நின்று, பலகையைக் கவனமாக வாசித்து, அதன்பின் உள்ளே வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வருவதாகச் சொன்னார். நாற்பது வயதிருக்கும். சட்டைக்குள்ளிருந்து சிலுவைச் சங்கிலி ஒன்று எட்டிப் பார்த்தது. மாமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்ட விதத்தில், தாகத்தில் தண்ணீர் கண்டவரின் ஆவல் தெரிந்தது.

எனக்குத் தெரிந்தது வேறு. அவருடைய சப்பாத்து.

எங்கள் வீட்டில் எல்லோரும் பாதணியைப் படியருகே கழற்றிவிட்டுத்தான் விறாந்தைக்கு ஏறுவார்கள். செருப்புகள் ஒரு வரிசையாகக் கிடக்கும். பக்கிள் தேய்ந்தது, வார் அறுந்து தைத்தது, குதி ஒருபக்கம் சாய்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கொள்ளுப்பிட்டியிலிருந்து வரும் உறுப்பினரான பிரக்கிராசியாரின் சப்பாத்துக்கூட வக்கீல்களுக்குரிய மெல்லிய தோல் சப்பாத்துத்தான். கொட்டாஞ்சேனைக்காரருடையது தடித்த அடியும் உருண்ட மூக்கும் கொண்டது. கறுப்பு நிறம். எங்கள் ஒழுங்கையின் மணல் அதன்மேல் ஒட்டப் பயப்பட்டது. அப்படி மினுக்கிய சப்பாத்தை நான் ஓர் இடத்தில்தான் கண்டிருந்தேன்: பம்பலப்பிட்டிச் சந்தியில், வாகனங்களுக்குக் கை காட்டுபவரின் காலில்.

அன்று தொடங்கி அவரை நான் கண்காணித்தேன். கண்காணிப்பில் என் திறமை இன்றும் எனக்குத் திருப்தி தருவது. அவர் ஒருபோதும் படலைக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். வாதத்தில் பங்குகொள்ளமாட்டார். சிரிக்கவேண்டிய இடத்தில் ஒரு கணம் பிந்திச் சிரிப்பார். எல்லாவற்றிலும் பெரிய சான்று ரயில். எங்கள் ஒழுங்கையின் முடிவில், கடலுக்கும் வீடுகளுக்கும் இடையில் தண்டவாளம். ரயில் போகும்போது பேசுபவரின் வாய் மட்டும் அசையும், குரல் கேட்காது. மற்றவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ரயில் விழுங்கிய வாக்கியம் விழுங்கப்பட்டதுதான், எப்படியும் முன்பு கேட்ட வாக்கியமாகத்தானே இருக்கும். கொட்டாஞ்சேனைக்காரர் மட்டும் ரயில் கடந்ததும் முன்னால் சாய்ந்து கேட்பார்:

“என்ன சொன்னீங்க மாஸ்டர்? இடையில ஒண்டு விளங்கல்ல.”

ஒரு சொல்லையும் தவறவிட விரும்பாத மனிதர் யார்? சொற்களை வேறெங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவர். பத்து வயதில் இந்த முடிவுக்கு வந்ததற்காக நான் என்னை மெச்சிக்கொண்டேன். மாமாவிடம் சான்றுகளை வரிசைப்படி எடுத்துரைத்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நன்றாக வாதிட்டாய் என்றார். பிறகு, சந்தேகம் அரசாங்கத்தைப் பார்த்து வைக்கவேண்டிய பொருள், அயலவனைப் பார்த்து வைத்தால் அது வேறு பெயர் பெறும் என்று சொல்லிவிட்டு, மாணவர்களின் சுருக்கெழுத்துத் தாள்களைத் திருத்தப் போனார். அந்தப் பதிலையும் நான் சந்தேகித்தேன்.

அப்போதுதான் மாநகரசபைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. வெள்ளவத்தை வட்டாரத்தில் சுயேச்சையாக நிற்க மாமா விரும்பினார். கட்சி பிறந்த நாளிலிருந்து ஒருவரும் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை, அதிகாரத்துக்கு ஆசைப்படலாமா என்ற விவாதமே முடிந்திருக்கவில்லை. மாநகரசபை கான்களைப் பார்க்கும் சபை, கான் நமது நான்கில் ஒன்று, ஆகவே நிற்கலாம் என்று மாமா கடைசியில் அவர்களை இணங்கவைத்தார். ஏழு பேரும் கூடி அவரை வேட்பாளராக்கும் தீர்மானத்தை நிறைவேற்றவேண்டியது மட்டுமே பாக்கி. வேட்புமனு கொடுக்கும் நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு கூட்டம்.

அந்த வாரம் முழுவதும் மாமா அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று பேசிப் பழகினார். தன் பேச்சைச் சனங்கள் நின்று கேட்கும் ஒரு நாளுக்காக ஒருவர் கால் நூற்றாண்டு காத்திருப்பது எப்படியிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் எங்கே உயர்த்தி எங்கே தாழ்த்துகிறார் என்பதைத்தான் கதவிடுக்கால் பார்த்துப் படித்துக்கொண்டேன். அம்மா அவருடைய வெள்ளை நஷனல் சட்டையைக் கஞ்சி போட்டு அழுத்திக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்.

ஞாயிறன்று பிரக்கிராசியார் முகம் கறுத்து வந்தார். வந்ததும் மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னதை, கிணற்றடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவும் கேட்டார், அம்மாவின் பின்னால் நின்ற நானும் கேட்டேன். சில கிழமைகளுக்குமுன் கூட்டத்தில் அவர் ஒரு பகிடி விட்டிருந்தார்: இந்த அரசாங்கம் போகிற போக்கில் மிளகாய்க்கும் பாஸ்போட் கேட்கும் என்று. அந்தப் பகிடியை அவர் வேறெங்கும் சொன்னதில்லை. நேற்றைக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய அதிகாரி அவருடைய தோளில் தட்டி, உங்கள் மிளகாய்க்கு இன்னும் பாஸ்போட் கிடைக்கவில்லையா என்று கேட்டுச் சிரித்தாராம். அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்த காலம் அது. தோளில் தட்டும் கை எப்போது சட்டையைப் பிடிக்கும் என்று எவருக்கும் தெரியாது.

ஆகவே தேர்தல் தீர்மானத்துக்குமுன் ஓர் உறுப்பினரை விசாரிக்கவேண்டும் என்று பிரக்கிராசியார் பிடிவாதமாக நின்றார். யாரை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, எல்லோருடைய கண்ணும் படியருகே கிடந்த கறுப்புச் சப்பாத்தில் போய் விழுந்தது. நான் என் கண்டுபிடிப்பு உலகறியப் போகும் பெருமிதத்தோடு பேணியைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தேன். விரித்து வாசிக்க வாய் வரவில்லை. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, அமைதியாகப் பெயரை உரத்துச் சொன்னார்.

கொட்டாஞ்சேனைக்காரர் எழுந்து, சட்டையை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டு, கை வைத்த கதிரையில் போய் அமர்ந்தார். தன்னைப் பற்றிய விசாரணைக்குத் தானே தலைவர்.

பிரக்கிராசியார் சீட்டை மறுபடி எடுக்கச் சொன்னார். விதியில் அதற்கு இடமில்லை என்றார் மாமா. மருதானையில் ரேடியோ திருத்தும் உறுப்பினர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். கடைசியில் பிரக்கிராசியார் கதிரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே பேசத் தொடங்கினார்.

“வீட்டுக்குள்ளை பாம்பு நிக்குதெண்டு தெரிஞ்ச பிறகு, அது என்ன பாம்பெண்டு கேட்கவும் கூடாதோ?”

“சேர், தலைவரைப் பாத்துக் கதையுங்க,” என்றார் கதிரையிலிருந்தவர். குரலில் கேலி இல்லை. விதியை நினைவூட்டினார், அவ்வளவுதான்.

பிரக்கிராசியாரின் கழுத்து சிவந்தது. “கனம் தலைவர் அவர்களே,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கி, தான் கேட்பது விசாரணையல்ல, ஒரே ஒரு கேள்வி என்றார். அதைக் கேட்க அனுமதி வேண்டும். அவ்வளவே.

மாமா எழுந்தார். கண்ணாடியின் முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு அல்ல அது. அது இன்னும் சிறியது, ஆனால் நான் கேட்ட பேச்சுகளிலெல்லாம் அதுவே மேலானது என்பேன்.

“தலைவர் அவர்களே, இவ்வளவு வருசமா நாங்கள் என்னத்தைச் சொல்லிக்கொண்டு வாறம்? ஒரு மனிசனைக் கூப்பிட்டு இருத்தி, நீ ஆர், எங்கை வேலை, ஏன் இஞ்சை வந்தனி எண்டு கேட்கிற உரிமை ஆருக்கும் லேசிலை இருக்கக்கூடாதெண்டு. அதை இண்டைக்கு இந்த விறாந்தையிலை நாங்களே தொடங்கப் போறமோ? ஒரு கேள்விதான் எண்டு சொல்லுறார். எல்லா அரசாங்கமும் ஒரு கேள்வியிலைதான் தொடங்கினது.”

நடுவில் ஒரு ரயில் வந்து போனது. கதிரையிலிருந்தவர் வழக்கம்போல் முன்னால் சாய்ந்தார். பிறகு ஏதோ நினைத்தவராய்ப் பின்னால் சாய்ந்துகொண்டார். அன்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

வாக்கெடுத்தார்கள். பிரக்கிராசியாரோடு ஆசிரியர்களான இரண்டு உறுப்பினர்களும் கேள்வி வேண்டும் என்று கை உயர்த்தினார்கள். வேண்டாம் என்று மாமாவும், ரேடியோக்காரரும், எப்போதும் அரைத் தூக்கத்திலிருக்கும் பறங்கிக் கிழவரும். சமநிலை. சமநிலை வந்தால் தலைவரின் வாக்கே முடிவு.

அவர் வேண்டாம் என்று சொல்லித் தப்பிவிடுவார். மாமாவின் கொள்கையே அவருக்குக் கவசமாகிவிடும். தீர்மானம் நிறைவேறும், நாளைக்கு மாமா வேட்பாளர், அதற்கு அடுத்த நாள் மாமாவைப் பற்றிய செய்தி எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் அவர் இங்கே வந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, “கேளுங்க சேர்,” என்றார்.

மாமா கண்களை மூடிக்கொண்டார்.

“நீர் பொலிஸோ?”

“ஓம் சேர். சார்ஜன்.”

அம்மா தேநீர்த் தட்டத்தோடு கதவடியில் நின்றுவிட்டார். பிரக்கிராசியார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, ஆர் அனுப்பினது என்று அதட்டினார்.

“ஒரே ஒரு கேள்வி எண்டுதானே அனுமதி எடுத்தீங்க. அது முடிஞ்சுது.”

மாமாவின் மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்ததை நான் கண்டேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அவருக்குச் சிரிப்பு வந்தது என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ரேடியோக்காரர் தன் பங்குக்கு, “பொலிஸ் எங்கட நாலில ஒண்டுதானே மாஸ்டர், வேணாமெண்டு நாங்க எப்ப சொன்னோம்?” என்றார். பிரக்கிராசியாருக்கு அது போதுமாயிருந்தது. இவரை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றார். எவரையும் நீக்க விதியில்லை என்றார் மாமா. தான் எதை இழக்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“அப்ப தேர்தல்?” என்று ஆசிரியர்களில் ஒருவர் தயங்கிக் கேட்டார்.

“விதியை இண்டைக்கு முறிச்சு நாளைக்கு நான் எதைச் சொல்லி வாக்குக் கேட்கிறது, தம்பி?”

பிரக்கிராசியாரும் ஆசிரியர்கள் இருவரும் படியிறங்கிப் பாதணிகளை மாட்டிக்கொண்டு போனார்கள். வரிசையில் மூன்று சோடி குறைந்ததும் கறுப்புச் சப்பாத்து இன்னும் பெரிதாய்த் தெரிந்தது. ஏழுக்குக் குறைந்துவிட்டதால் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாததால் வேட்பாளர் இல்லை. திங்கட்கிழமை மாமா வழக்கம்போல் சுருக்கெழுத்துக் கற்பிக்கப் போனார். கொடியில் தொங்கிய நஷனலை அம்மா மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிறு படலைத் தாழ்ப்பாள் ஓசை கேட்டது. கொட்டாஞ்சேனைக்காரர். அதே சப்பாத்து. உள்ளே வரலாமா என்று கேட்டு நின்றார்.

“மேல இன்னும் நிப்பாட்டச் சொல்லல்ல மாஸ்டர். வரத்தான் வேணும்.”

“பார்த்தீரோ,” என்றார் மாமா, பல நாட்களுக்குப் பிறகு முகம் மலர. “தொடங்கினதை நிப்பாட்டத் தெரியாத மெசின். இதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருக்கிறன். வாங்கோ, இருங்கோ.”

அவரும் இருந்தார். மாமா எழுந்து நின்று, கட்சியின் கொள்கை விளக்கத்தைத் தொடக்கத்திலிருந்து பேசினார். ரேடியோக்காரர் சில ஞாயிறுகள் வந்து பிறகு நின்றுவிட்டார். பறங்கிக் கிழவர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். மிஞ்சியது பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், பேணியில் இரண்டு சீட்டு. அந்த இரண்டிலும் ஒன்றை நான் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். சார்ஜன் தலைவராகும் வாரங்களில் மாமா அவரைப் பார்த்து, கனம் தலைவர் அவர்களே என்று தொடங்குவார். ரயில் வந்தால் வசனத்தை நடுவில் நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் திருப்பிச் சொல்லுவார். அரசாங்கத்துக்கு என் கருத்துப் பிழையாய்ப் போய்ச் சேரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் சார்ஜன் போனபின் வெடித்தார்.

“அண்ணை, உங்களுக்கு விசரே? பொலிஸ்காரனை வீட்டுக்குள்ளை இருத்தி அரசாங்கத்துக்கு ஏசுறியள். அதுக்கு நான் தேத்தண்ணியும் ஊத்தவேணும்.”

“மற்றக் கட்சிக்காரர் சாராயம் வாங்கிக் குடுத்தெல்லோ கூட்டம் சேர்க்கினம்,” என்றார் மாமா. “என்ரை பேச்சைக் கேட்க அரசாங்கமே சம்பளம் குடுத்து ஆளனுப்புது. எனக்கென்ன குறை?”

நாங்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு ஜீப்பை எதிர்பார்த்தோம். ஜீப் வரவில்லை. பிரக்கிராசியாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. வலையை அகல விரிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பேச்சின் நடுவே சார்ஜன் தலையாட்டினால் அது நடிப்பு. ஒருமுறை அவரே வாய் திறந்து, அப்படியெண்டா ஆஸ்பத்திரியை ஆர் பாக்கிறது மாஸ்டர் என்று கேட்டு, மாமா இரண்டு வாரம் யோசித்துப் பதில் சொன்னபோது, அது தூண்டில். மாமா அந்தத் தூண்டிலை எவ்வளவு மகிழ்ச்சியோடு விழுங்கினார் என்பதைப் பார்க்க எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு அவர்கள் படலையடியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்கள். சார்ஜன் விரலால் மேலே காட்டி ஏதோ சொன்னார். மாமா தலையாட்டினார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சப்பாத்துச் சத்தம் காலி வீதிவரை கேட்டுத் தேய்ந்தது. அதற்கடுத்த ஞாயிறு பின்னேரம் அம்மா குசினியில் கேத்தல் வைத்தபோது, மாமா கதவடியில் வந்து நின்று, இனிமேல் ஒரு கோப்பை போதும் என்றார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. நான் பழக்கதோஷத்தில் இரண்டு சீட்டையும் பேணியில் போட்டுக் குலுக்கினேன். மாமா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, எதிரே கிடந்த வெறுங்கதிரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்கு மணி கடந்தது. அவர் பேசவில்லை.

படலைத் தாழ்ப்பாள் ஓசை கேட்டது.

சார்ஜன்தான். ஆனால் சாரமும் தோய்த்த வெள்ளைச் சேட்டும். கையைப் பிடித்துக்கொண்டு என் வயதொத்த ஒரு பெண்பிள்ளை, பூசைக்கு உடுத்த லேஸ் சட்டையோடு. அவள் கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பை ஒன்று. படியடியில் அவர் கழற்றிவிட்டது கறுப்புச் சப்பாத்து அல்ல. நீல வார் வைத்த, குதி தேய்ந்த, ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு.

மாமா எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். அம்மா குசினிக்கு ஓடிக் கோப்பைகளைத் தேடும் சத்தம் கேட்டது.

எனக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. இவ்வளவு காலமும் சப்பாத்தால் பிடிபட்ட மனிதர், இப்போது மாறுவேடத்தில் வந்திருக்கிறார். வேடத்தை நம்பவைக்கப் பிள்ளையையும் கூட்டி வந்திருக்கிறார். மாமா நெஞ்சு நெகிழ்ந்து நிற்பதைப் பார்த்தால் வேடம் பலித்துவிட்டதென்றே தோன்றியது. நான் ஒருத்தியாவது ஏமாறக்கூடாது என்று, செருப்பு என் கண்ணிலிருந்து தப்பாத இடமாகப் பார்த்து விறாந்தை விளிம்பில் அமர்ந்தேன். அந்தப் பிள்ளை பையை நீட்டி ஒரு பணிஸ் எடுத்துச் சாப்பிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை.

மாமா பேசத் தொடங்கினார். முதல் வசனத்தில் குரல் தடுக்கிற்று, இரண்டாவதில் நிமிர்ந்தது. பாதி வசனத்தில் காலியிலிருந்து வரும் ரயில் ஒழுங்கை முனையை உலுக்கிக்கொண்டு போயிற்று. அன்றைக்கு மாமா நிறுத்த மறந்துவிட்டார். வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை.

ரயில் போனது. சார்ஜன் கதிரையிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

“என்ன சொன்னீங்க மாஸ்டர்? இடையில ஒண்டு விளங்கல்ல.”

அதற்குமேல் எனக்கு ஒரு சான்றும் தேவைப்படவில்லை. நான் குசினிக்குப் போய், ஆள் இன்னும் உளவுதான் பார்க்கிறார் என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா நான்காவது கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.